கதவைத் தட்டுவது யார், அண்ணே?

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்கள் போன பிறகு வந்த முதல் கிறிஸ்துமஸ் முந்தாநாள் முடிந்தது. செக்காலை வீட்டில் இந்த வருடம் நட்சத்திரம் கட்டவில்லை. மதினி ஜன்னல்களுக்கெல்லாம் கறுப்புத் துணி அடித்து வைத்திருக்கிறார். பகலிலும் விளக்குப் போட்டுத்தான் உங்கள் வீட்டுக்குள் நடமாட வேண்டியிருக்கிறது.

ஜெபக் கூட்டத்தில் யாரோ கொடுத்த அந்தத் துண்டுப் பிரசுரம் உங்களுக்கு நினைவிருக்கும். இரண்டாயிரமாம் ஆண்டு பிறக்கும் முன் மூன்று நாள் இருட்டு வரும், ஜன்னல்களை மூடிவிட வேண்டும். மந்திரித்த மெழுகுதிரி மட்டுமே எரியும். சொந்தக்காரர் குரலில் பேய் வந்து கதவைத் தட்டும், திறந்தால் போயிற்று. நீங்கள் பைபிளைத் திறந்து, உலகம் முடியும் அந்த நாளும் நேரமும் இறைமகனுக்கே தெரியாது என்ற இடத்தைக் காட்டினீர்கள். "மகனுக்கே தெரியாதது அச்சாபீஸ்காரனுக்குத் தெரிஞ்சிருச்சாக்கும்!" என்று சிரித்தீர்கள். மதினி விடவில்லை. "தெரியாதுன்னுதான ஆண்டவரு முழிச்சிருக்கச் சொன்னாரு? நீங்க தூங்குங்க, நான் முழிச்சிருக்கேன்."

ஈஸ்டருக்குப் பிறகு நீங்கள் கண்ணை மூடிவிட்டீர்கள். அதோடு அந்தக் காகிதத்தில் இருந்த பேய்க்கு ஒரு குரல் கிடைத்துவிட்டது.

போன வாரம் மதினி கேட்டார்: "தம்பி, ஊரு சேதியெல்லாம் விசாரிச்சு பேப்பர்ல எழுதுறீக. இதச் சொல்லுங்க. அவுக குரல்ல கூப்பிட்டா நான் தொறக்கவா, வேண்டாமா?"

கேட்டதை இன்னொரு இடத்தில் சரிபார்க்காமல் நான் செய்தி எழுதியதில்லை. இதை யாரிடம் சரிபார்ப்பது? உங்கள் பைபிளையே எடுத்து வைத்துப் படித்தேன். போலித் தீர்க்கதரிசிகள் வருவார்கள் என்றிருக்கிறது. ஆவிகளைச் சோதித்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறது. வாசலில் நின்று தட்டுகிறவர் ஆண்டவரே என்றும் இருக்கிறது. சொந்தக்காரருக்குக் கதவைத் திறக்காதே என்று மட்டும் எங்கும் இல்லை. மதினியிடம் சொன்னேன். தலையை ஆட்டினார். தாழ்ப்பாள் அப்படியே கிடந்தது.

நேற்று மத்தியானம் வானம் கறுத்து மழை கொட்டியது. கரண்ட் போயிற்று. மதினி மந்திரித்த திரியை ஏற்றிக்கொண்டிருந்தபோது கதவு தட்டும் சத்தம் கேட்டது.

"அம்மா, நான்தான் ஸ்டெல்லா. தொறங்க."

உங்கள் மகளுக்கு நிறைமாதம். பிரசவத்துக்கு அடுத்த வாரம்தான் புகுந்த ஊரான கீழச்சிவல்பட்டியிலிருந்து வருவதாக இருந்தது. நான் எழுந்தேன். மதினி கதவை மறித்து நின்றுகொண்டார்.

"அடுத்த வாரம்ல வாரேன்னா அவ. உக்காருங்க தம்பி." பிறகு கதவைப் பார்த்து, "யாரு நீ? விசுவாசப் பிரமாணம் சொல்லு" என்றார்.

"வயித்தத் தூக்கிக்கிட்டு மழையில நிக்கிறேன், செபம் ஒப்பிக்கச் சொல்றீகளா? ஆட்டோக்காரரு சிரிக்கிறாரு!"

"சொல்லு."

சொன்னாள். முதலில் கத்தினாள், பிறகு குரல் உடைந்தது. சிலுவை, மரணம், அடக்கம் எல்லாம் சரியாக வந்தன. பாதாளத்தில் இறங்கிய வரியை மட்டும் விட்டுவிட்டு நேராக மூன்றாம் நாள் உயிர்ப்புக்குப் போய்விட்டாள். மதினி தாழ்ப்பாளை நீக்கினார்.

"தப்பால்ல சொன்னா மதினி?" என்றேன்.

"அதான் தொறந்தேன். சின்னப் புள்ளையிலருந்து பாதாளத்துக்குப் பயந்து அந்த வரியத் தாண்டிப் போறவ இவதான்."

ஸ்டெல்லா தலையைத் துவட்டிக்கொண்டே, "நல்லா பாத்துக்கங்க. நாளைக்கு ஒங்க பேத்தி வந்து தட்டுவா. அவளுக்கு ஒரு வரியும் தெரியாது" என்றாள். மதினி சிரித்தார். நீங்கள் போன பிறகு அந்தச் சிரிப்பை நேற்றுத்தான் கேட்டேன்.

ஆனால் கதவைச் சாத்தவில்லை. மழையையே பார்த்து நின்றுவிட்டு மெதுவாகக் கேட்டார்: "இவளத் தப்ப வச்சுக் கண்டுபிடிச்சேன். அவுக வந்தா எத வச்சுக் கண்டுபிடிக்கிறது தம்பி? ஒரு வரிகூட விட்டதில்லையே அவுக."

பூசையில் எல்லாருக்கும் முன்னால் ஒலித்த உங்கள் குரலில் ஒரு தடுமாற்றமாவது உண்டா என்று தேடிக்கொண்டிருக்கிறேன், அண்ணே. ஒன்றும் அகப்படவில்லை. அங்கே போனவர்களுக்குக் குரல் மாறுமா? அந்தக் குரலில் கூப்பிடுவது நீங்கள்தான் என்று எங்களுக்கு யார் சொல்வார்கள்?

ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். புது வருடம் பிறந்து, குழந்தையும் பிறக்கும்வரை நான் செக்காலையில்தான் இருப்பேன். இருட்டு வந்தாலும் வராவிட்டாலும், எந்தக் குரல் கூப்பிட்டாலும், எழுந்து போய்த் திறப்பது நானாக இருப்பேன். எந்த வரியையும் சொல்லச் சொல்லிக் கேட்க மாட்டேன்.

உங்களுக்குப் பின் பிறந்த தம்பி,
சூசை