நாற்றமில்லாத தொட்டி

வடக்கனந்தல்
2.6.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

என் வீட்டுக்காரர் வெற்றிவேலைக் கொன்றது சாராயம் அல்ல, உங்கள் ஆலைத் தொட்டி.

போனில் பேசினால் ரெக்கார்டு ஆகும், எதுவானாலும் கடிதம் போடு என்று காரியத்தன்று சொன்னீர்கள். கூடப் பிறந்தவளிடம் பேச ஏன் அந்தப் பயம்?

குடித்திருந்தார், நெஞ்சடைத்துவிட்டது என்றார் மேனேஜர். கள்ளக்குறிச்சியில் ஒருவன் செத்தால் சாராயம் என்று சொல்வது சுலபம், மறுகேள்வி வராது. வெற்றிவேல் இருமல் மருந்து குடித்தாலே தலை சுற்றுகிறது என்பார். போலீசுக்குப் போகாமல் அன்றைக்கே எரிக்க வைத்தது நீங்கள்.

குளுக்கோஸ் பாகு வைக்கிற புதுத் தொட்டியைக் கழுவத்தான் அவர் இறங்கினார். மறுநாளே அதன் பக்கத்தில் இருந்த சாம்பல் நிறச் சிலிண்டர்களை லாரியில் ஏற்றிவிட்டார்களாம். அவற்றில் என்ன இருந்தது? அன்று காலை நீங்கள் எங்கே இருந்தீர்கள்? சூப்பர்வைசரான உங்களுக்குத் தெரியாமல் ஒருவர் தொட்டியில் இறங்க முடியுமா?

அண்ணிக்கு மூட்டு வலி எப்படி இருக்கிறது?

உங்கள் தங்கை
கோகிலவாணி


தியாகதுருகம்
6.6.2025

என் செல்லத் தங்கச்சிக்கு அண்ணன் எழுதுவது.

உன் கடிதத்தைப் படித்து அண்ணி அழுதாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. அன்று காலை நான் கிழங்கு லோடுக்காகச் சங்கராபுரத்தில் நின்றிருந்தேன். செய்தி கேட்டுத்தான் ஓடி வந்தேன்.

எவளோ உன் காதில் ஓதியிருக்கிறாள். பழைய ஜவ்வரிசி ஆலையில் கழிவுக் குழிக்குள் இறங்குவதற்கு முன் தண்ணீர் அடித்துவிட்டு, நாற்றம் போகிறவரை காத்திருப்போம். எங்களுக்கு மூக்குதான் மீட்டர். இந்தத் தொட்டியில் துளி நாற்றம் கிடையாது, கழுவிக் கவிழ்த்த குடம் மாதிரி இருந்தது. அதில் என்ன ஆபத்து? சிலிண்டரில் இருந்தது நைட்ரஜன், பாகு புளிக்காமல் இருக்க விடுவது. விஷம் கிடையாது.

முதலாளி நல்ல மனுஷன். உன் கொழுந்தன் சுபாஷுக்கு மாப்பிள்ளை பார்த்த அதே வேலையைத் தருகிறார். 16ஆம் தேதி திங்கட்கிழமை வரச் சொல். உன் மாமியாருக்குச் சம்மதம். நீ யாருக்கும் மனு எழுதாதே.

அன்பு அண்ணன்
தீனதயாளன்


வடக்கனந்தல்
10.6.2025

அண்ணனுக்கு,

சங்கராபுரத்தில் நின்றவருக்குத் தொட்டியில் நாற்றமில்லை என்று எப்படித் தெரிந்தது?

உங்கள் ஆலையில் கிழங்குத் தோல் சீவும் கல்வராயன்மலைப் பாப்பாத்தியை பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். தெரியாத மாதிரி போனவள் திரும்பி வந்தாள். "ஒங்கண்ணன் மேல நின்னுகினு மோந்து பாத்தாரு. 'நாத்தமே இல்ல மாப்ள, எறங்கு'ன்னாரு" என்றாள். வாளியைக் கீழே வைப்பதற்குள் இவர் உட்கார்ந்துவிட்டாராம். கத்தக்கூட இல்லையாம்.

என்னைக் கெமிஸ்ட்ரி படிக்க வைத்தவர் நீங்கள். நைட்ரஜன் விஷம் இல்லைதான். ஆனால் மூடிய தொட்டியில் அது ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். நிறம் கிடையாது, மணம் கிடையாது. மூச்சு முட்டுவதுகூடத் தெரியாமல் ஆள் விழுந்துவிடுவான். கழிவுக் குழி நாறிக் காட்டிக்கொடுத்தது. இது காட்டிக்கொடுக்காது. உங்கள் மூக்கை நம்பி அவர் இறங்கினார்.

நீங்கள் தெரியாமல் செய்தீர்கள் என்றே நம்பப் பார்க்கிறேன். இப்போது தெரிந்துவிட்டது. திங்கட்கிழமைக்குள் தாசில்தாரிடம் போய் நடந்ததைச் சொல்லுங்கள். சுபாஷ் வேலைக்குப் போட்டுக்கொள்ளப் புதுச் சட்டை வாங்கிவிட்டான்.

கோகிலவாணி


வடக்கனந்தல்
17.6.2025

தீனதயாளன் அவர்களுக்கு,

நேற்று சுபாஷ் மத்தியானமே திரும்பி வந்தான். கேட்டிலேயே மறித்து, "நீ வாணாம், வூட்டுக்குப் போடா" என்று நீங்களே பஸ் ஏற்றி விட்டீர்களாம். வந்த வேலையைக் கெடுத்துவிட்டான் உன் அண்ணன் என்று மாமியார் என்னைத் திட்டித் தீர்க்கிறார். நான் உங்களுக்கு நன்றி சொல்லத்தான் நினைத்தேன். அப்புறம் உறைத்தது: உள்ளே இறங்கினால் செத்துப்போவான் என்று உங்களுக்குத் தெரியும்.

தாலுகா ஆபீசில் விசாரித்தேன். நீங்கள் அந்தப் பக்கமே வரவில்லை. ரெக்கார்டு ஆகட்டும் என்றே போன் செய்தேன். எடுக்கவில்லை.

சிலிண்டர்கள் திரும்பி வந்துவிட்டன என்கிறாள் பாப்பாத்தி. சனிக்கிழமை தொட்டி கழுவ மலையிலிருந்து யாரோ ஒரு புது ஆளைச் சொல்லி வைத்திருக்கிறீர்களாம். எந்த ஊர் என்று அவளுக்கும் தெரியவில்லை. நம் வீட்டுப் பையன் வேண்டாம், அந்த ஆள் பரவாயில்லை, அப்படித்தானே?

அவர் வீட்டிலும் யாராவது இருப்பார்கள். அவர்களிடம் நான் போய்ச் சொல்ல வேண்டும். அவருடைய பெயரையும் ஊரையும் எழுதி இன்றே தபாலில் போடுங்கள்.

கோகிலவாணி