லினக்ஸ்ல ஓடுமான்னு மட்டும் கேட்டேன்

செவ்வாய், ராத்திரி. மழை விடலை.

சேலம் கடையில ரெண்டு அடாப்டர் கார்டு காட்டினாங்க. ரெண்டுமே லினக்ஸ் போட்ட என் பழைய லேப்டாப்பில சொருகி, வெளி ஹார்ட் டிஸ்க்கை இணைக்கிறதுக்கு. நான் கேட்டது ஒண்ணே ஒண்ணு: லினக்ஸ்ல ஓடுமா?

"இது சந்தேகமுங்க. அதைக் கண்ணை மூடிட்டு வாங்கிட்டுப் போங்க"ன்னார் கடைக்காரர்.

அதையே வாங்கிட்டு ஏற்காடு வீட்டுக்கு வந்து மத்தியானம் போட்டதும் டிஸ்க் உடனே தெரிஞ்சுது. ஆனா இந்தக் கார்டு டிஸ்க்குக்குக் கரண்டு தராது. அதைத் தனியா சுவத்து பிளக்குல மாட்டணும். கீழே சேலத்துல அது ஒரு விஷயமே இல்லை. ஏற்காட்டு மழையில கரண்டு சொல்லிட்டா போகுது? மஞ்சக்குட்டை ஊர்க் கல்யாணத்துல நான் எடுத்த ஃபோட்டோவெல்லாம் டிஸ்க்குல இருந்து லேப்டாப்புக்குக் காப்பி ஆகிட்டிருக்கும்போது கரண்டு போயிடுச்சு. லேப்டாப் பேட்டரியில ஓடிச்சு. டிஸ்க் நின்னுடுச்சு. கரண்டு வந்தப்புறம் டக் டக்னு சத்தம் மட்டும்தான். வேற காப்பி இல்லை. இன்னொரு காப்பி எடுக்கத்தான் கார்டே வாங்கினேன்.

சாயங்காலம் கல்யாணப் பொண்ணோட அப்பா ஃபோன் பண்ணினார். "ஏனுங்க, காலைல படம் பாக்க வரலாமுங்களா? பொண்ணு நொம்ப ஆசையா இருக்குது."

"வாங்க"ன்னுட்டேன். எந்த தைரியத்துல சொன்னேன்?

இப்பவும் ஒரு தடவை சொருகிப் பார்த்தேன். டிஸ்க்கைக் காணோம். கார்டை மட்டும் லினக்ஸ் பளிச்சுனு காட்டுது.