ஹம்மாத் வீட்டுப் புழு

மயிலாப்பூர்
11 நவம்பர் 2024

ஹம்மாதின் அம்மாவுக்கு,

வணக்கம். நான் யூ.கே.ஜி. 'பி' பிரிவு ஆசிரியை மர்சலின். எல்லாப் பெற்றோருக்கும் அனுப்புகிற அச்சிட்ட தாள் அவன் பையின் முன்பக்கத்தில் இருக்கிறது. இது உங்களுக்கு மட்டும். புகார் என்று பயந்துவிடாதீர்கள்.

ஜூனில் பள்ளி திறந்ததிலிருந்து ஹம்மாதின் குரலை நான் கேட்டதே இல்லை. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறான். சொன்னதைச் செய்கிறான். கோட்டுக்கு வெளியே போகாமல் வண்ணம் தீட்டுகிறான். பேச மட்டும் மாட்டேன் என்கிறான். ஆனால் பள்ளி விட்டு வாசலில் உங்களைப் பார்த்ததும் துப்பட்டாவைப் பிடித்து இழுத்துக் காதில் என்னவோ சொல்கிறானே, அதைத் தினமும் பார்க்கிறேன். என்ன சொல்கிறான் என்று தெரிந்துகொள்ள எனக்கு ரொம்ப ஆசை.

இந்த மாதம் பூச்சி, புழு, நத்தை, எறும்பு என்று சின்ன உயிர்களைப் பற்றிப் பாடம். வீட்டில் செய்ய ஒரு விளையாட்டு சொல்லியிருக்கிறேன். மழை விட்டதும் ஒரு செடிக்கு அடியில் வெள்ளைத் துணியை விரித்து, செடியை மெல்ல உலுக்குங்கள். விழுவதையெல்லாம் இருவரும் குனிந்து பாருங்கள். பிறகு வந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். அப்போது அவன் என்ன பேசுகிறான் என்பதை, அவன் சொன்னபடியே எழுதி அனுப்ப முடியுமா?

அன்புடன்,
மர்சலின்

ஆழ்வார்பேட்டை
14 நவம்பர் 2024

மதிப்பிற்குரிய மர்சலின் மிஸ்ஸுக்கு,

சலாம். உங்கள் கடிதத்தைப் புகார்தான் என்று நினைத்து நின்றபடியே படித்தேன். படித்து முடித்த பிறகு இரண்டாவது தடவை நிதானமாகப் படித்தேன். ரொம்ப நன்றி மிஸ்.

நீங்கள் கடிதமாக எழுதியதும் நல்லதுதான். எங்கள் வீடு சின்னது. ஹம்மாத் எந்நேரமும் என் காலைச் சுற்றிக்கொண்டே இருப்பான். போனில் அவனைப் பற்றிப் பேச்செடுத்தால் போதும், கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வான். டாக்டரிடம் காட்டினோம். காதும் நன்றாக இருக்கிறது, நாக்கும் நன்றாக இருக்கிறது, வெளியாட்கள் முன்னால் பேச்சு அடைத்துக்கொள்கிறது, அவசரப்படுத்தாதீர்கள் என்றார். சொந்தக்காரர்களிடம் அதைச் சொன்னால் கேட்கிறார்களா? போன கல்யாண வீட்டில் ஒருவர் அவன் எதிரிலேயே "ஊமைப் புள்ள" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து விசேஷங்களுக்கு என் வீட்டுக்காரரை, அவன் அத்தாவை, மட்டும் அனுப்பிவிடுகிறேன்.

ஒரு சின்னக் குறை மிஸ். வெள்ளைத் துணி என்றீர்கள். வீட்டில் இருந்த ஒரே வெள்ளைத் துணி அவன் அத்தா வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்குக் கட்டுகிற வேட்டி. மூன்றாவது மாடி பால்கனியில் மூன்று தொட்டிதான். அதில் கறிவேப்பிலையை உலுக்கினதில் ஒரு சிலந்தி, நிறைய எறும்பு, பச்சையாக ஒரு வெட்டுக்கிளி விழுந்தன. கீழே தண்ணீர்த் தொட்டி ஓரம் ஒரு நத்தை. அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"அம்மா, இது வீட்ட தூக்கிட்டு எங்க போவுது? இதுவும் வாடக வீடா?"

நானும் அவன் அத்தாவும் சிரித்த சிரிப்பில் வேட்டிக் கறையைப் பற்றிப் பேச்சே வரவில்லை.

உங்கள்,
வஜீஹா

மயிலாப்பூர்
18 நவம்பர் 2024

அன்புள்ள வஜீஹா,

ஆசிரியர் அறையில் உட்கார்ந்து படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன். இத்தனை நாளாக அந்தப் பிள்ளைக்குள் இவ்வளவு பேச்சு இருக்கிறது என்று தெரியாமல் பாடம் நடத்திக்கொண்டிருந்தேனே. எழுதி அனுப்பியதற்கு நன்றி சொல்ல வேண்டியது நான்தான்.

வேட்டி விஷயத்துக்கு மன்னிக்கவும். இனிமேல் பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் போதும்.

அடுத்தது கொஞ்சம் பொறுமை வேண்டிய வேலை. தொட்டியில் எலுமிச்சைச் செடி இருந்தால் இலையைத் திருப்பிப் பாருங்கள். குண்டூசித் தலை மாதிரி மஞ்சளாக முட்டை இருக்கும். குஞ்சுப் புழு பார்ப்பதற்குக் காக்கை எச்சம் போலவே இருக்கும், துடைத்துவிடாதீர்கள். இலையோடு ஒரு பெட்டியில் வைத்து, மேலே கொசுவலைத் துண்டைக் கட்டி, தினமும் புது இலை போட்டால் வளர்வதைப் பார்க்கலாம். முட்டைக்கு ஜவ்வரிசி, புழுவுக்கு நூல் சுற்றிய தீக்குச்சி, இப்படி அவனே ஒட்டிக்கொள்ள, நான்கு கட்டம் வரைந்த ஒரு அட்டையும் பையில் வைத்திருக்கிறேன்.

ஒன்று மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ஒன்றாம் வகுப்புக்குப் போகிற பிள்ளைகளைத் தலைமை ஆசிரியை சிஸ்டர் ஈவ்லின் பிப்ரவரியில் தனியாகக் கூப்பிட்டுப் பேசுவார். நல்ல மனுஷி. ஆனால் ஒரு வார்த்தையும் பேசாவிட்டால் இன்னொரு வருடம் யூ.கே.ஜி.யிலேயே இருக்கட்டும் என்பார். அதற்காக அவனை இப்போதிருந்தே பேசச் சொல்லித் தயார்செய்ய வேண்டாம். புழுவைப் பார்த்துக்கொண்டிருங்கள்.

அன்புடன்,
மர்சலின்

ஆழ்வார்பேட்டை
16 டிசம்பர் 2024

அன்பான மர்சலின் மிஸ்ஸுக்கு,

சலாம். எங்கள் வீட்டில் இப்போது நான்கு பேர். நான்காவது ஆள் பிஸ்கட் டப்பாவில் இருக்கிறார், பெயர் பச்சை. முதலில் நீங்கள் சொன்ன மாதிரி எச்சம் போலத்தான் இருந்தது. தோலை உரித்து உரித்துப் பச்சையாகிவிட்டது. தொட்டால் தலையிலிருந்து சிவப்பாகக் கொம்பு நீட்டி ஒரு நாற்றம் விடுகிறது. எனக்குக் குமட்டுகிறது, ஹம்மாதுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எலுமிச்சைச் செடி மொட்டையாகிவிட்டது. அவன் அத்தா தி.நகரில் பை கடையை மூடிவிட்டு வரும்போது, கடைத்தெருவில் பூ விற்கிற அம்மாவின் வீட்டுச் செடியிலிருந்து இலை கேட்டு வாங்கி வருகிறார். புழுவுக்கு என்றால் சிரிப்பார்கள் என்று கைமருந்துக்கு என்று சொல்லியிருக்கிறாராம்.

நடுவில் ஒரு கூத்து. துளசித் தொட்டித் தட்டில் தேங்கின தண்ணீரில் துள்ளுகிற புழுக்களைப் பார்த்துவிட்டு, அதையும் ஒரு பாட்டிலில் ஊற்றி ஜன்னலில் வைத்துவிட்டான். கொசு சோதனைக்கு வந்த கார்ப்பரேஷன் அம்மா கண்ணில் அதுதான் முதலில் பட்டது. "இன்னாமா, ஊரெல்லாம் டெங்குன்னு அலையுது, நீ கொசு வளத்துக்கினு கீறியா?" என்று வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். பள்ளிக்கூடப் பாடம் என்று சொன்னேன், நம்பவில்லை. பாட்டிலை ஊற்றியாயிற்று. தப்பு எங்கள் மேல்தான்.

நேற்று அட்டையில் ஜவ்வரிசி ஒட்டிக்கொண்டே கேட்டான்: "அப்போ பச்சைக்கு பட்டாம்பூச்சிதான் அம்மாவா? ஒரு தடவகூட வந்து பாக்கலையே?"

அது சாப்பாடு இருக்கிற இலையாகப் பார்த்துத்தானே முட்டையை வைத்துவிட்டுப் போனது என்றேன். யோசித்துவிட்டு, "ஸ்கூல்ல விட்டுட்டு போற மாதிரி" என்றான். அவன் பள்ளிக்கூடத்தைப் பற்றி வாயைத் திறந்தது இதுதான் முதல் தடவை மிஸ்.

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்.

வஜீஹா

ஆழ்வார்பேட்டை
8 ஜனவரி 2025

மர்சலின் மிஸ்ஸுக்கு,

அவசரமாக எழுதுகிறேன். பச்சை விடுமுறையில் கூடாகிவிட்டது. குச்சியில் நூல் கட்டித் தொங்கியது. ஹம்மாத் விடிந்ததும் அதன் முகத்தில்தான் விழிப்பான். பள்ளி திறந்ததும், பட்டாம்பூச்சி வந்தால் மிஸ்ஸிடம் காட்டலாம் என்று என்னிடம் சொல்லி வைத்திருந்தான். கவனியுங்கள் மிஸ், சொல்லலாம் என்று சொல்லவில்லை, காட்டலாம் என்றான்.

நேற்று அவன் பள்ளிக்குப் போன பிறகு பார்த்தால் கூட்டில் பொடி ஓட்டை. டப்பா முழுக்க இறக்கை முளைத்த எறும்பு மாதிரி குட்டிக் குட்டிப் பூச்சிகள். கூட்டை மெல்ல அழுத்திப் பார்த்தேன், உள்ளே ஒன்றுமில்லை, வெறும் தோல். நான் ஏதோ தப்பாகச் செய்துவிட்டேன் என்று நினைக்கிறேன். டப்பாவைத் துணி போட்டு மூடி லாஃப்டில் வைத்துவிட்டேன். அது தூங்குகிறது, தொந்தரவு செய்யாதே என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன்.

நீ தூங்கும்போது பட்டாம்பூச்சி பறந்துவிட்டது என்று சொல்லிவிடு, சின்னப் பிள்ளைதானே என்கிறார் அவன் அத்தா. எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. இப்போதுதான் கொஞ்சம் மலர்ந்திருக்கிறான், பிப்ரவரியும் வருகிறது. இதைப் பார்த்தால் மறுபடியும் சுருங்கிவிடுவான். என்ன சொல்லட்டும்?

வஜீஹா

மயிலாப்பூர்
8 ஜனவரி 2025, மதியம்

அன்பு வஜீஹா,

உங்கள் கடிதத்தைக் காலையிலேயே படித்துவிட்டேன். எனக்கும் புரியவில்லை. பெரிய வகுப்புகளுக்கு விலங்கியல் எடுக்கும் பத்ரிநாராயணன் சாரைத் தேடிப் போய்க் கேட்டேன். நீங்கள் எந்தத் தப்பும் செய்யவில்லை. அவை ஒரு வகைக் குட்டிக் குளவிகள். புழு தோலுரித்துக் கூடாகிற சமயத்தில், ஓடு இறுகுவதற்கு முன்னால் அதற்குள் முட்டையிட்டுவிடுமாம். குஞ்சுகள் உள்ளேயே தின்று வளர்ந்து வெளியே வருமாம். வெளியில் பல கூடுகளுக்கு இப்படித்தான் நடக்கிறது என்றார். பால்கனிக் காற்றில் வருகிற அந்தப் பொடிக் குளவிக்குக் கொசுவலைக் கண் பெரிய வாசல்தான்.

நான் போட்ட படத்தில் முட்டை, புழு, கூடு, பட்டாம்பூச்சி என்று நான்கே கட்டம். ஐந்தாவதாக ஒன்று உண்டு என்று எனக்கே இன்றைக்குத்தான் தெரியும்.

என் யோசனையைக் கேட்டீர்கள். நடந்ததைச் சொல்லிவிடுங்கள். அவன் பேசாத பிள்ளை, ஆனால் நம் எல்லோரையும்விடக் கவனமாகப் பார்க்கிற பிள்ளை. காலிக் கூட்டின் ஓட்டையைப் பார்த்தால் அதில் பட்டாம்பூச்சி நுழையாது என்று அவனுக்குத் தெரிந்துவிடும். அதன் பிறகு நீங்கள் சொல்வதையும் சந்தேகப்பட ஆரம்பித்தால், அவன் வேறு யாரிடம் பேசுவான்? அழுவான். அழட்டும், பக்கத்தில் நீங்கள் இருக்கிறீர்கள். நான் சொல்வது தப்பாகவும் இருக்கலாம். பெற்றவர் நீங்கள், முடிவு உங்களுடையது.

அன்புடன்,
மர்சலின்

ஆழ்வார்பேட்டை
10 ஜனவரி 2025

அன்பான மர்சலின் மிஸ்ஸுக்கு,

சொல்லிவிட்டேன். டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு நீங்கள் எழுதினதை அப்படியே சொன்னேன். ஓட்டையில் ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்த்தான். பிறகு "பச்சைக்கு வலிச்சிருக்குமா?" என்றான். தெரியவில்லை என்றேன். அப்போதுதான் அழுதான். மூச்சு முட்ட அழுதான் மிஸ். நானும் அழுதுவிட்டேன். ஏன்டா இந்த மிஸ் பேச்சைக் கேட்டோம் என்று ஒரு நிமிடம் உங்கள் மேல் கோபம்கூட வந்தது.

அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு வந்து, "குளவிக் குஞ்சுக்கும் பசிச்சிருக்கும்ல?" என்று கேட்டான். அவனே டப்பாவைப் பால்கனிக்கு எடுத்துப்போய் வலையைக் கழற்றினான். உயிரோடு இருந்தவை போயின. தன் அட்டையில் ஐந்தாவதாக ஒரு கட்டம் போடச் சொன்னான், மிளகை ஒட்டியிருக்கிறான். அவன் அத்தா வந்ததும் ராத்திரிச் சாப்பாடு முழுக்க இதே பேச்சு. அவருக்குச் சோறு இறங்கவில்லை.

கோபம் போய்விட்டது மிஸ். நன்றி.

வஜீஹா

மயிலாப்பூர்
20 பிப்ரவரி 2025

அன்பு வஜீஹா,

இன்று காலை சிஸ்டர் அறைக்கு வெளியே நீங்கள் உட்கார்ந்திருந்ததை வகுப்பு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பிள்ளைகளை விட்டு வர முடியவில்லை. அவன் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு போனதையும் பார்த்தேன். உள்ளே என்ன நடந்தது என்று அவன் உங்களிடம் சொன்னானோ இல்லையோ, சிஸ்டர் என்னிடம் சொன்னதை எழுதுகிறேன்.

பெயர் கேட்டாராம், பதில் இல்லை. ஆப்பிள் படம், யானைப் படம், ஒன்றுக்கும் வாய் திறக்கவில்லை. சரி, இந்தப் பிள்ளையைத் தொல்லை செய்ய வேண்டாம் என்று, சுவரில் இருந்த பட்டாம்பூச்சிப் படத்தைக் காட்டி அவரே சொல்லிக்கொண்டு போயிருக்கிறார். முட்டை, அப்புறம் புழு, அப்புறம் கூடு, இந்தக் கூட்டிலிருந்து பட்டாம்பூச்சி வரும், இல்லையா கண்ணா என்று கேட்டிருக்கிறார். இவன் இல்லை என்று தலையாட்டியிருக்கிறான். புரியவில்லை போலிருக்கிறது என்று அவர் மறுபடியும் முதலிலிருந்து சொல்லியிருக்கிறார்.

"குளவியும் வரும்" என்றானாம்.

சிஸ்டர் அசந்துபோய், எப்படி என்று கேட்டிருக்கிறார். நாற்காலியில் முட்டி போட்டு ஏறி, படத்தில் கூட்டைத் தொட்டுக் காட்டி, ஓட்டை எந்தப் பக்கம் இருந்தது என்பது முதல் எல்லாவற்றையும் சொன்னானாம். எனக்கே இது தெரியாதேப்பா என்றாராம் சிஸ்டர். அதற்கு அவன் சொன்ன ஆறுதல்: "எங்கம்மாக்கும் தெரியாது. மிஸ்தான் சொன்னாங்க."

அவன் ஒன்றாம் வகுப்புக்குப் போகிறான் வஜீஹா. சிஸ்டரே முடிவு சொல்லி அனுப்புவார், நான் முந்திக்கொண்டேன்.

என்னை அவன் 'மிஸ்' என்று சொன்னதைச் சிஸ்டர் கேட்டிருக்கிறார், நான் இன்னும் கேட்கவில்லை. கொஞ்சம் பொறாமையாக இருக்கிறது. பரவாயில்லை, பள்ளி முடிய இன்னும் நாள் இருக்கிறது.

அன்புடன்,
மர்சலின்

ஆழ்வார்பேட்டை
6 மார்ச் 2025

அன்பான மர்சலின் மிஸ்ஸுக்கு,

பதில் எழுத இத்தனை நாளாகிவிட்டது, மன்னியுங்கள். எழுத உட்கார்ந்தால் நன்றி என்பதற்கு மேல் பேனா நகரவில்லை. கூடவே நோன்பும் தொடங்கிவிட்டது.

இந்தத் தூக்குவாளியை அவன் அத்தா பள்ளி விடும் நேரத்துக்கு வாசலில் கொண்டுவந்து கொடுப்பார். நோன்புக் கஞ்சி. உங்களுக்கும் நேற்று தவக்காலம் தொடங்கியிருக்கிறதே என்று கறி போடாமல் காய்ச்சினேன். ஒரு கொதி விட்டுச் சூடாகக் குடியுங்கள்.

போன வாரம், நோன்பு தொடங்குவதற்கு முன்னால், அவன் அத்தா பக்கத்துச் சொந்தத்தில் ஒரு நிச்சயதார்த்தம், பாலவாக்கத்தில். இந்தத் தடவை மூன்று பேரும் போனோம். ஹம்மாத் யாரிடமும் பேசவில்லை. முன்பெல்லாம் நான் எல்லோருக்கும் காரணம் சொல்லிக்கொண்டே இருப்பேன். அன்றைக்குச் சொல்லவில்லை. அவன் வாழைமரத்தில் ஊர்ந்த எதையோ பார்த்துக்கொண்டிருந்தான், நான் பக்கத்தில் உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டேன். நிம்மதியாகச் சாப்பிட்டேன் மிஸ். அதை உங்களிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

அவனுக்கு இனிமேல் வேறு மிஸ் வருவார்கள். எனக்கு நீங்கள்தான்.

துஆவுடன்,
வஜீஹா

மயிலாப்பூர்
28 மார்ச் 2025

அன்பு வஜீஹா,

கஞ்சியை நானும் என் கணவர் லாய்டும் பங்குபோட்டுக் குடித்தோம். அவருக்குத்தான் பெரிய பங்கு. தூக்கைக் கழுவி ஹம்மாத் பையில் வைத்திருக்கிறேன். உள்ளே பெருநாளுக்கு என் கையால் செய்த கேக் இருக்கிறது, முட்டை உண்டு, ரம், ஒயின் எதுவும் சேர்க்கவில்லை. வருகிற வருடம் அவன் மேல் மாடிக்குப் போனாலும் எனக்கு எழுதுவதை நிறுத்தாதீர்கள். பதிலுக்கு நான் எழுதுவேன்.

இன்று மதியம் மதிப்பெண் அட்டைகளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். யாரோ சேலை முந்தானையைப் பிடித்து இழுத்தார்கள். திரும்பினால் ஹம்மாத்.

"மிஸ், ஒண்ணுக்கு போணும்."

இந்த வேலையில் இதை எத்தனை பிள்ளைகள் வாயால் கேட்டிருப்பேன், கணக்கே கிடையாது. இன்றைக்கு எனக்கு எழுந்திருக்கவே தோன்றவில்லை. பேனாவைக் கையில் பிடித்தபடி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். எனக்குக் காது கேட்கவில்லை என்று நினைத்துவிட்டான் பாவம். எம்பி நின்று, வகுப்பே திரும்பிப் பார்க்கும்படி, "மிஸ், அவசரம்" என்றான்.

கையைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் ஓடினோம்.

என்றும் அன்புடன்,
மர்சலின்