எழுபத்திரண்டு கிலோ வெல்லம்

7.7.2025, திங்கள்
ஆவுடையார்கோவில் தாலுகா ஆபீசில் வேலை முடிந்து பஸ் ஏறும்போதே முடிவு செய்திருந்தேன், இன்று பேக்கரிப் பக்கம் திரும்பக்கூடாது என்று. திரும்பினேன். டீயில் நனைத்து மூன்று பன். வயிற்றைச் சின்னதாக்கி ஆபரேஷன் செய்து மூன்று வருடம் ஆகப்போகிறது. சோறு நாலு வாய்க்கு மேல் இறங்காது. ஊறினது, கரைகிறது என்றால் எவ்வளவானாலும் இறங்கும். நானே கண்டுபிடித்தது. பெரிய விஞ்ஞானி!

11.7.2025
மெடிக்கல் ஷாப் மெஷினில் ஏறினேன். 94. நூற்று இருபத்தெட்டிலிருந்து எழுபத்திரண்டுக்கு இறங்கின உடம்பு. வீட்டில் இன்னும் எழுபத்திரண்டு என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆபரேஷன் செய்த திருச்சி ஆஸ்பத்திரிக்குச் செக்கப்புக்குப் போய் ஒரு வருடமாச்சு. ஆனால் ஜாக்கெட்டெல்லாம் இன்னும் போட முடிகிறது. வெளியே அவ்வளவாகத் தெரியாது.

19.7.2025
சிங்கப்பூரிலிருந்து வீட்டுக்காரர் வசந்த் பேசினார். "இன்னும் ரெண்டு வருசம் இருக்கச் சொல்றாங்க ராணி. கையெழுத்துப் போட்டுட்டேன்." போட்டுவிட்டுச் சொல்கிறார். "சரிங்க" என்றேன். அழுகை வரவில்லை. போனை வைத்ததும் பால்கோவா, கால் கிலோ. ருசிகூடத் தெரியவில்லை. ஏன்டி தின்னே? பசியா ஒனக்கு?

25.7.2025
மாமியார் என் தலையில் குண்டைத் தூக்கிப் போட்டார். "ஆபரேசன் நல்லபடியா முடிஞ்சா ஒன் எடைக்கு எடை வெல்லம் தாறேன்னு அம்மனுக்கு வேண்டியிருந்தேன். ஆடிக் கடைசி வெள்ளி குடுத்துருவோம். இப்ப எம்புட்டு இருக்கே?"
"எழுபத்திரண்டு அத்தை."
வாய் தானாகச் சொல்லிவிட்டது.

2.8.2025
மண்டை வெல்லம் சாக்கில் வந்து இறங்கியிருக்கிறது. வேண்டுதல் வெல்லம். அதிலிருந்தே இரண்டு உருண்டை எடுத்து டீயில் கரைத்துக் குடித்தேன். என்னை என்ன செய்தால் தகும்?

11.8.2025
சொல்லிவிடலாம் என்று அடுப்படி வரை போனேன். அத்தை என் ஜாக்கெட்டை மடியில் போட்டு ஏதோ தைத்துக்கொண்டிருந்தார். ஹூக்காக இருக்கும்.
"என்னத்தா?"
"ஒண்ணுமில்ல அத்தை."
திரும்பி வந்துவிட்டேன். அசதி. பொய்யைச் சுமப்பதும் ஒரு வேலைதான்.

15.8.2025, வெள்ளி
கோயிலில் சொந்தக்காரர்கள் எல்லோரும். வசந்த் வீடியோ காலில். தராசுத் தட்டில் உட்கார்ந்தேன். எதிர்த்தட்டில் சாக்கு வெல்லம் முழுக்கக் கொட்டியாச்சு. என் தட்டு தரையை விட்டு எழும்பவே இல்லை.
"தராசுல கோளாறா?" என்று யாரோ கேட்டார்கள்.
எல்லோரும் என்னையே பார்த்தார்கள். இனி எங்கே ஒளிவது?
"தராசு நல்லாத்தான் இருக்கு. நான் தொண்ணூத்தி நாலு, அத்தை. பொய் சொல்லிட்டேன்."
போனில் வசந்தின் முகம் அசையவில்லை. நெட்வொர்க்கா, அவரா, தெரியவில்லை. அத்தை என் பக்கம்கூடத் திரும்பாமல், வெல்லம் ஏற்றி வந்த ஆட்டோக்காரரைக் கூப்பிட்டார். "தம்பி, பின்னாடி இன்னொரு மூட்டை இருக்குல்ல, அதை இங்கிட்டுக் கொண்டாங்க."
அதையும் கொட்டினார்கள். தட்டு எழும்பியது.
நான் இறங்கும்போது அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு காதோடு சொன்னார். "ஆறு மாசமா ஒன் ஜாக்கெட்டுக்கெல்லாம் உள்தையலப் பிரிச்சு விடுறவ நான். எனக்குத் தெரியாதா? நீயாச் சொல்லுவேன்னு பாத்தேன்."
அங்கேயே உட்கார்ந்து அழுதேன். எதையும் தின்னாமல் அழுது ரொம்ப நாளாச்சு.

20.8.2025
திருச்சி. அத்தையும் வந்தார். மெஷினில் 95. டாக்டர் திட்டவில்லை. என்ன சாப்பிட்டேன் என்பதைவிட, அதற்கு முன்னால் என்ன நடந்தது என்றுதான் அதிகம் கேட்டார். பால்கோவா தின்ற நாளைச் சொன்னேன். மாதாமாதம் வரச் சொல்லியிருக்கிறார்.

23.8.2025
வசந்த் கூப்பிட்டார். ஒரு வாரமாக எடுக்காமல் இருந்தேன், இன்று எடுத்தேன். "கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்ங்க" என்றேன். "அப்பறம் பேசுறேன்" என்று வைத்துவிட்டார்.
கை தானாகப் பர்ஸைத் தேடியது. செருப்பைக்கூட மாட்டிவிட்டேன். வாசல் வரை போய்த் திரும்பினேன்.
அத்தை அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.
"என்னத்தா?"
"ஒண்ணு சொல்லணும் அத்தை" என்று பக்கத்தில் உட்கார்ந்தேன்.