வாசலில் நிற்கச் சொன்னவள்

அக்கா,

இன்று காலை மேலத்தெருவிலிருந்து ஒருவரைப் பாடையில் தூக்கிக்கொண்டு போனார்கள். போன வழியெல்லாம் சாமந்திப் பூ. பைக்குகள் ஏறி நசுங்கிய பூவின் வாசனை, கதவைச் சாத்தியும் வீட்டுக்குள் வந்துகொண்டே இருந்தது. அதனால்தான் எழுதுகிறேன். மொரப்பூர் பஸ் பலகைகளைப் பார்த்து நானாகப் படித்த எழுத்து. கோணலாக இருந்தால் இருக்கட்டும்.

அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு ஒரே வீட்டுக்கு வந்தவர்கள் நாம். ஒரே அடுப்பில் சமைத்தோம், அந்த அடுப்புக்காகவே சண்டையும் போட்டோம். சேலத்தில் டாக்டர் கையை விரித்த அன்று, ரயிலில் திரும்பும்போது, என் மணிக்கட்டை விரல் தடம் பதியும்படி பிடித்திருந்தாய். "செத்துப்போறதுன்னா எப்பிடிடி இருக்கும்" என்று ஒரே ஒருமுறை கேட்டாய். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம், வேண்டாம் என்று நான் சொல்லியும் கேட்காமல் களி கிண்ட உட்கார்ந்தாய். மரத்துடுப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாய். துடுப்பு சுற்றும் கதிக்கே சொல்லத் தொடங்கினாய்.

வந்தது வந்த, வாசல்ல நில்லு.
அடுப்புல களி வேவுது, பாதியில உடமாட்டேன்.
கிண்டி எறக்கி, கைகழுவி வர்றேன்.
கையப் புடிக்காத, எனக்கு நடக்கத் தெரியும்.

விளக்கு வைக்கும் நேரத்தில் எமனைக் கூப்பிடுகிறாயே என்று திட்டினேன்.

"கூப்புடலடி. நிக்க வெக்கறேன்" என்றாய்.

அதற்குப் பிறகு வலி வரும்போதெல்லாம் அதையே சொன்னாய். சொல்லியும் அழுத நாட்கள் உண்டு. அழுது முடித்து மறுபடி சொல்வாய். பாடையை இறக்கித் திசை மாற்றும் இடத்தில் நான் அதைச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டாய். அதற்கு மேல் பெண்களை விடமாட்டார்கள் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நீ போன அன்று ஏரிக்கரை முக்கில் உன்னை இறக்கினார்கள். நான் முன்னால் போய் வழியில் நின்றேன். மேளத்தை நிறுத்தச் சொன்னேன். பங்காளிப் பெரியவர் ஒருவர், பெண்கள் அழுததெல்லாம் வீட்டோடு முடிந்தது என்றார். உன் மகன் என் தோளைத் தொட்டான்.

"சின்னம்மா, நேரமாவுது. எதா இருந்தாலும் வூட்டுக்குப் போயி சொல்லுங்க."

"வூட்டுல யாருகிட்டடா சொல்றது? கேக்கறவ இங்கதான படுத்திருக்கறா."

நான் நகரவில்லை. நான்கு வரியையும் சொன்னேன். கடைசி வரி முடிந்ததும் ஒருவன் சிரித்தான். நடக்கத் தெரிந்தவளை நாம் எதற்குத் தூக்குகிறோம் என்று பக்கத்தில் இருந்தவனிடம் கேட்டான்.

"அவளுக்குத் தெரியும். நீங்கதான் தூக்கறீங்க" என்றேன். பிறகு யாரும் சிரிக்கவில்லை. உன்னைத் திருப்பி வைத்துத் தூக்கினார்கள். நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

கருமாதியன்று சாப்பிட வா என்று என்னை யாரும் கூப்பிடவில்லை. திமிர் பிடித்தவள் என்று பெயர். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை, ஆறவும் வேண்டாம்.

இப்போது எனக்கும் அடிக்கடி நெஞ்சு அடைக்கிறது. பயமாகத்தான் இருக்கிறது அக்கா. உன் பாட்டைச் சொன்னால் கொஞ்சம் மூச்சு வருகிறது. ஆனால் ஏரிக்கரையில் எனக்காக வழியை மறித்து நிற்க யார் இருக்கிறார்கள்? என் மருமகளைக் கேட்டேன். இப்போது எதற்கு அந்தப் பேச்சு என்று டிவி சத்தத்தைக் கூட்டினாள். நான் விடவில்லை. அவள் பாத்திரம் கழுவும்போது பின்னால் நின்று பாட்டைச் சொல்கிறேன். துணி மடிக்கும்போது சொல்கிறேன். எழுந்து போனால் கூடவே போகிறேன்.

நேற்று இரண்டாம் வரியோடு வேண்டுமென்றே நிறுத்தினேன். அவள் திரும்பிப் பார்க்காமல் மூன்றாம் வரியைச் சொன்னாள். அடுத்ததை நான் சொல்லியிருக்க வேண்டும். அதையும் அவளுக்கே விட்டுவைத்தேன்.