துடைத்தெடுத்த கருப்புக் குடை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அங்கே அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் எப்போதும் என் நினைப்பு. போன வாரம் நீ போனில் இருமியது இன்னும் என் காதிலேயே இருக்கிறது, அந்த ஊர்க் குளிரில் ஈரத் தலையோடு வேலைக்குப் போகாதே. கண்காட்சி எப்படி நடந்தது என்று கேட்டாய், நன்றாக நடந்தது என்று சொல்லி வைத்துவிட்டேன். பக்கத்திலேயே உன் அப்பா உட்கார்ந்திருந்தார், அவரை வைத்துக்கொண்டே அவரைத் திட்ட முடியுமா. அதற்காகத்தான் இந்தக் கடிதம். படித்த கையோடு அவருக்குப் போன் போட்டுச் சமாதானம் பேசாதே, முதலில் என் வயிற்றெரிச்சலைக் கொட்டி முடிக்கிறேன்.

நகரத்துக் காட்சிக்கூடத்திலிருந்து ஒருவர் வந்து போகிறார் என்று சொல்லியிருந்தேனே, எந்த வெயிலிலும் கோட்டைக் கழற்றாதவர், அவருக்கு நான் கோட்டுக்காரர் என்றே பெயர் வைத்திருக்கிறேன். அப்பா ஆயுசு முழுக்க வரைந்த படங்களையெல்லாம் ஒரே கூடத்தில் மாட்டப் போவதாக அவர் சொன்னதும் இவருக்குத் தலைகால் புரியவில்லை. அதற்கு இவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். பகலெல்லாம் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதிவிட்டு, விடிகாலையிலும் விடுமுறையிலும் ஏரிக்கரைக்கு ஓடி, அதே ஏரி அதே மலை அதே வளைவு ரோடு என்று வரைந்தவருக்கு இங்கே என்ன மரியாதை கிடைத்தது, என்ன சார் உங்க மலை இன்னும் முடியலையா என்கிற கிண்டல்தானே. கூடப் படித்தவர்களெல்லாம் தலைநகரத்துக்குப் போய்ப் பெயர் வாங்கினார்கள். இவர் மட்டும், இந்த மலையில எந்த நேரத்துக்கு வெளிச்சம் எங்க விழும்னு எனக்குத் தெரியும், அங்க போய் நான் என்னத்த வரையறது என்று இங்கேயே உட்கார்ந்துவிட்டார். அதனால் கோட்டுக்காரர் வேன் கொண்டுவந்து படங்களை ஏற்றியபோது எனக்கும் நெஞ்சு நிறைந்துதான் இருந்தது. மேலே பூசிய வார்னிஷ் பழுத்து மஞ்சளாகிவிட்டது, அதைப் பக்குவமாக எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசுகிறோம் என்றார். இவரும் தலையை ஆட்டினார். என்னை யார் கேட்டார்கள்.

படங்களில் இருக்கிற அந்தக் கருப்புப் புள்ளியை நீ பிறந்ததிலிருந்து பார்த்திருக்கிறாய், அது எப்படி அங்கே வருகிறது என்று முழுதாகச் சொன்னதில்லை. இவர் ஸ்டாண்டை நிறுத்தி வரையத் தொடங்கினால், நான் கொஞ்சம் தள்ளி முன்னால் கரையில் கருப்புக் குடையை விரித்து உட்கார்ந்து, தையல் கடைக்காரர் கொடுத்தனுப்பிய சட்டைகளுக்குக் காஜா எடுப்பேன், பட்டன் தைப்பேன். காற்றடித்தால் ஓடிவந்து ஸ்டாண்டைப் பிடிப்பேன், வெயில் ஏறினால் தண்ணீர் கொடுப்பேன், இல்லாவிட்டால் அந்த மனுஷருக்குத் தாகம் என்று ஒன்று இருப்பதே ஞாபகம் வராது. படம் வீட்டுக்கு வந்து, காய்ந்து, வார்னிஷும் பூசி அதுவும் காய்ந்த பிறகு என்னைக் கூப்பிடுவார். எங்க உட்கார்ந்திருந்த, காட்டு என்பார். நான் படத்தைத் தொடாமல் விரலால் காட்டுவேன், இருப்பதிலேயே மெல்லிய பிரஷ்ஷின் நுனியால் அந்த இடத்தில் ஒரு பொட்டு வைப்பார். அதுதான் என் குடை. அதற்கப்புறம்தான் பிரஷ்ஷைக் கழுவுவார். எங்களுக்குள் சண்டை, பேச்சுவார்த்தை இல்லை என்றாலும் கூப்பிடுவார், நானும் வாயைத் திறக்காமல் விரலை மட்டும் நீட்டிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவேன். அந்தப் பொட்டு வார்னிஷுக்கு மேலே இருக்கிறது என்பது உலகத்தில் இரண்டே பேருக்குத் தெரியும். அந்த இரண்டு பேரில் ஒருவர்தான் தலையை ஆட்டினார்.

திறப்பு விழாவுக்கு முதல் நாள் எங்களை மட்டும் கூப்பிட்டுக் காட்டினார்கள். வெள்ளைச் சுவர், தலைக்கு மேல் விளக்குகள், ஏரி பளிச்சென்று இருந்தது, நான் மறந்தே போன நீலமெல்லாம் வெளியே வந்திருந்தது. நான் நேராகப் பெரிய படத்துக்குப் போய் என் குடையைத் தேடினேன். காணோம். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். அடுத்த படத்துக்குப் போனேன், அதிலும் இல்லை, கூடம் முழுக்கச் சுற்றி வந்தேன், ஒன்றிலும் இல்லை. கையுறை போட்ட ஒரு பெண் நின்றிருந்தாள், அவள்தான் துடைத்தவளாம். இங்க ஒரு கருப்புப் புள்ளி இருந்துச்சே என்று கேட்டேன். அவள் சிரித்த முகமாக, ஆமா ஆன்ட்டி, ஈ எச்சம், எல்லாப் படத்துலயும் ஒண்ணு இருந்துச்சு, பஞ்ச வச்சு ஒத்தினதுமே வந்துடுச்சு, வீட்டுல ஈ அதிகமா, கொஞ்சம் சுத்தமா வச்சிருந்திருக்கலாமே என்றாள். ஈ எச்சமாம். என் வீட்டில் ஈயாம். மழைக்காலம் வந்தால் இருக்கிற நல்ல பருத்தித் துணியையெல்லாம் படங்களுக்குப் போர்த்திவிட்டுக் கிழிசலைப் போர்த்திக்கொண்டு படுத்தவள் நான். எல்லாப் படத்திலும் சொல்லிவைத்த மாதிரி ஒவ்வொன்று, அதுவும் எப்போதும் கரையில்தான், வானத்தில் ஒன்றுகூட இல்லை. இத்தனை ஒழுங்காக எந்த ஈ உட்காரும் என்று அந்தப் படித்த பிள்ளைக்குக் கேட்கத் தோன்றவில்லை.

சரி, அவள் அயலாள், தெரியாமல் செய்தாள், போகட்டும். உன் அப்பா என்ன செய்தார் தெரியுமா. பெரிய படத்துக்கு முன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தார், அங்கே பார்த்தார், இங்கே பார்த்தார். நான் புள்ளியைக் கேட்டதைக் காதில் வாங்கிய கோட்டுக்காரர் பதறிப்போய் ஏதாவது தப்பாயிடுச்சா சார் என்று கேட்டதற்கு, படம் ஒண்ணும் கெடல என்றார். அதைச் சொல்லும்போது நான் பக்கத்தில்தான் நிற்கிறேன். எத்தனை வருஷம் வெயிலில் காய்ந்தேன், கரையில் முள் குத்தாத இடம் என் காலில் உண்டா, அத்தனையும் இருந்தாலும் ஒன்றுதான் இல்லாவிட்டாலும் ஒன்றுதான் என்றால் நான் எதற்கு. எனக்கு வலித்தது அந்த வார்த்தைதான், ஈ எச்சம்கூட அத்தனை வலிக்கவில்லை. பஸ்ஸில் வேறு சீட்டில் உட்கார்ந்து வந்தேன். அன்றைக்குச் சாப்பாட்டை வைத்துவிட்டு நகர்ந்துவிட்டேன், அவரும் ஏன் என்று கேட்கவில்லை.

மறுநாள் விழாவுக்குப் போகக் கூடாது என்றுதான் இருந்தேன். படங்களுக்குச் சட்டம் அடித்துக் கொடுக்கிற அண்ணன் வந்து, நீ வரலன்னா ஊரு என்ன பேசும் என்று இழுத்துக்கொண்டு போனார். போய்க் கடைசி வரிசையில் நின்றேன். கோட்டுக்காரர் மைக்கில் புகழ்ந்து முடித்துவிட்டு, இரண்டு வார்த்தை பேசுங்க என்று அப்பாவைக் கூப்பிட்டார். இவர் மைக் பக்கமே போகவில்லை. நேராகப் பெரிய படத்துக்குப் போனார், சட்டைப் பையிலிருந்து பிரஷ்ஷையும் சின்ன டப்பாவையும் எடுத்தார், வந்தவர்களெல்லாம் ஏதோ வரைந்து காட்டப் போகிறார் என்று கை தட்டினார்கள். இவர் குனிந்து, மூலையில் இருந்த தன் கையெழுத்தின் மேல் கரையின் மண் நிறத்தை நிதானமாகப் பூசி மூடினார். அடுத்த படத்துக்குப் போய் அதிலும் மூடினார். கை தட்டல் நின்றுவிட்டது. கோட்டுக்காரர் ஓடிவந்து, சார் என்ன பண்றீங்க, நேத்து நீங்கதானே படம் கெடலன்னு சொன்னீங்க, நேத்து அம்மா தேடின அந்தப் புள்ளி படத்துக்கு வேணுமா என்ன என்று கேட்டார். இவர் பிரஷ்ஷை நிறுத்தாமலே, படத்துக்கு வேண்டாம்தான், எனக்கு வேணும், அவ அங்க உட்காராம நான் என்னைக்கு நின்னு வரைஞ்சேன், அவ இல்லன்னா அது நான் வரைஞ்ச படம் இல்ல என்றார்.

கூடத்தில் அத்தனை பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் புதுச் செருப்பு கடிக்கிறது என்று வீட்டுச் செருப்போடு போயிருந்தேன். இந்த வார்த்தையை முதல் நாளே பஸ்ஸில் சொல்லித் தொலைத்திருந்தால் நானும் வயிறாரச் சாப்பிட்டிருப்பேன், ஊரைக் கூட்டி வைத்துக்கொண்டா சொல்வது. இப்போது பார், படத்தில் நானும் இல்லை, அவர் பெயரும் இல்லை, யாரோ பெற்ற பிள்ளை மாதிரி தொங்குகிறது. அந்தக் கையுறைப் பெண் அழுதுகொண்டே வந்து என் கையைப் பிடித்தாள். எனக்கு மனசு இளகிவிட்டது, ஆனால் என் வீட்டில் ஈ கிடையாது என்பதை மட்டும் அவள் வாயால் சொல்ல வைத்துவிட்டுத்தான் விட்டேன்.

இப்போது கூடத்தை அடைத்து வைத்திருக்கிறார்கள், எல்லாவற்றையும் சரி செய்துகொடுங்கள் என்று கோட்டுக்காரர் கெஞ்சுகிறார். உன் அப்பா பிரஷ்ஷை எடுத்து வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்க்கிறார். எங்கெங்கே புள்ளி இருந்தது என்று அவருக்கு ஞாபகமில்லையாம், நான் வந்து காட்டினால்தான் வைப்பாராம். எனக்கு ஒவ்வொன்றும் ஞாபகமிருக்கிறது. நாளைக்குப் போகிறோம். விரலை நீட்டுவேன், வாயைத் திறப்பேனா என்பது அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

குழந்தையைக் குளிரில் வெளியே விடாதே, மாப்பிள்ளையை நேரத்துக்குச் சாப்பிடச் சொல். நீங்கள் மூவரும் தீர்க்காயுசாக, மனசு நிறைந்து இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, உன் கூடத்தில் மாட்டியிருக்கும் ஏரிப் படத்தை ஈரத் துணியால் துடைக்காதே, வேலைக்கு வருகிற பெண்ணிடமும் சொல்லி வை. கிட்டே போய்ப் பார், கரையில் புளிய மரத்துக்குக் கீழே இரண்டு புள்ளிகள் இருக்கும். பெரியது நான். என்னை ஒட்டிக்கொண்டு, குடைக்குள் வர மாட்டேன் என்று அடம்பிடித்து வெயிலில் நிற்கிறதே சின்னது, அது நீ.

இப்படிக்கு,
ஈ எச்சம் இல்லாத,
உன் அம்மா