காய்ச்சாத தார்

சேசு மரி சூசை துணை

நாச்சியாபுரம்,
5-8-1996

அன்பு மகன் சாலமனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கு யாவரும் சுகம் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் இரண்டு நாளாக ஜெபமாலை கையில் ஓடவில்லை, மனசு ரோட்டிலேயே கிடக்கிறது.

உன் கம்பெனி அனுப்பிய ஐந்து பேரல் தாரும் சனிக்கிழமை லாரியில் வந்து இறங்கின. சொல்லிக்கொடுக்க ஓர் ஆள்கூட வரவில்லை. இங்கிலீஷில் ஒரு காகிதம் மட்டும் வந்தது. அப்பா அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மூடியைத் திறந்தால் தார் கறுப்பாகவே இல்லை. இருளாண்டி எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன மேஸ்திரி, டீத்தண்ணியால்ல இருக்கு! ஒங்க மகன் ரோடு போடச் சொல்றாரா, கடை போடச் சொல்றாரா?" என்றான். ஆட்கள் எல்லாரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை.

தீபாவளி வரைக்கும் வருமென்று நான் கணக்குப் பார்த்து அடுக்கிய கருவேல விறகில் பாதியை இன்று வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். "பச்சையா கெடக்கு, வேக வச்சாத்தான் தாரு" என்கிறார். ஜல்லி வந்ததும் வெள்ளிக்கிழமை அடுப்பு மூட்டுகிறார்களாம். பதினைந்தாம் தேதி மாதா சப்பரம் வருவதற்குள் கோயில் ரோடு முடிய வேண்டுமே.

காய்ச்சலாமா, கூடாதா? தார் கொட்டி அப்பா கால் வெந்த நாள் என் கண்ணிலேயே நிற்கிறது. உடனே எழுது.

அம்மா,
சூசைமேரி


சென்னை,
8-8-1996

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் இப்போதுதான் கிடைத்தது. காய்ச்சவே கூடாது அம்மா! அது தண்ணீரில் கலந்த தார். அடியில் தீ வைத்தால் பால் மாதிரி பொங்கிக் கொட்டும். பக்கத்தில் நிற்கிறவர் தப்ப முடியாது. அப்படியே ஜல்லியில் ஊற்றிப் புரட்டினால் போதும். தண்ணீர் பிரிந்ததும் தானாகக் கறுக்கும். விறகு வேண்டாம், புகை வேண்டாம். அப்பா கால் வெந்ததைப் பார்த்துத்தான் இந்த வேலைக்கே வந்தேன். போட்ட ரோடு காயும்வரை மழை மட்டும் படக்கூடாது.

ஊருக்குப் போன் போட்டேன், லைன் செத்துக் கிடக்கிறது. திருப்பத்தூர் வழியாகப் போகும் காரைக்குடி பஸ் கண்டக்டரிடம் இதைக் கொடுக்கிறேன். காலையில் மீனம்மாள் டீக்கடையில் கொடுத்துவிடுவார்.

பஸ் ஸ்டாண்டில் நின்று இதைச் சேர்த்து எழுதுகிறேன். நானும் அந்த பஸ்ஸில் ஏறினேன் அம்மா. தார் வேலையை விடுங்கள் என்று நான் சொன்ன அன்றைக்கு, "அந்தத் தாருதான்டா ஒனக்குச் சோறு போட்டுச்சு" என்று அப்பா கத்தினாரே, அந்த முகம் நினைவுக்கு வந்தது. இறங்கிவிட்டேன்.

உங்கள் மகன்,
சாலமன்


சேசு மரி சூசை துணை

நாச்சியாபுரம்,
10-8-1996

அன்பு மகனுக்கு,

அப்பாவுக்கு ஒன்றும் இல்லை. அதை முதலில் எழுதிவிட்டேன். எழுத்து கோணியிருந்தால் பயப்படாதே, எனக்கு உள்ளங்கையில் கொப்புளம்.

மீனம்மாள் கடிதத்தைக் கொண்டுவந்து தந்தபோதே கோயில் பக்கம் புகை கிளம்பிவிட்டது. படித்த வேகத்தில் ஓடினேன். பேரல் அதற்குள் முனக ஆரம்பித்திருந்தது. "பொங்கப் போகுது, இங்குட்டு வாங்க!" என்று கத்தினேன். "ஆளுக முன்னாடி என்னடி கூத்து?" என்று அப்பா கம்பியால் கிண்டிக்கொண்டே நின்றார். எனக்கு வேறு வழி தெரியவில்லை. எரிகிற விறகைக் கையாலேயே பிடித்து இழுத்தேன். என்னைப் பிடித்து விலக்க அவர் என் பக்கம் வந்தார். வந்ததுதான் தாமதம், அவர் நின்ற இடத்தில் நுரை பொங்கிக் கொட்டியது. இருளாண்டி மணலை வாரி வாரித் தீயில் போட்டான்.

உன் கடிதத்தை அங்கேயே சத்தமாகப் படித்தேன். நீ பஸ்ஸை விட்டு இறங்கியதையும் விடாமல் படித்தேன்.

மூன்று பேரல் தாரைத் தீயில்லாமல் ஜல்லியில் புரட்டிப் போட்டார்கள். சாயங்காலம் மேகம் திரண்டது. பெய்துவிடாதே தாயே என்று கொப்புளக் கையோடு நின்றேன். பெய்யவில்லை. ரோடு கறுத்தது. அப்பா குத்தவைத்து வெறுங்கையை அதன்மேல் வைத்தார். "சுடலடி" என்றார். வைத்த கையை எடுக்கவே இல்லை. அப்படியே, "அவனுக்கு எம்மேல அம்புட்டுப் பயமா?" என்று கேட்டார்.

கடைசிப் பேரலை யாரையும் தொடவிடவில்லை. "அவன் வந்து தொறக்கட்டும்" என்கிறார். சப்பரம் கோயில் வாசலுக்கு வர அந்தத் துண்டு ரோடுதான் பாக்கி.

உன் கடிதம் பஸ்ஸில் ஏறி வந்துவிட்டது, நீதான் வரவில்லை. தீயை அணைத்தாயிற்று. எனக்கு இன்னும் ஒரே ஒரு பயம்தான் இருக்கிறது, இதற்கும் நீ பதில் கடிதம் எழுதிவிடுவாயோ என்று.

அம்மா,
சூசைமேரி